கையைப் பின்னால் கட்டிக்கொண்டது ஏன்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பேரை வளர்த்தேன். என் வயிற்றில் பிறந்தது நாலு, என் தங்கை விட்டுவிட்டுப் போனது இரண்டு. ஆறுதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட புத்தகத்தில் நான் மலையில் ஆயிரம் பிள்ளைகளை வளர்த்தவள் என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பொய். மலைப் பிள்ளைகளை மலைத் தாய்மார்கள் வளர்த்தார்கள். நான் அவர்கள் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றேன்.

அந்தப் பொய்யை விட்டுவிடலாம், பெருமைக்குச் சொன்னது. இன்னொன்றை விட முடியாது. அதே புத்தகத்தில் என் போட்டோ இருக்கிறது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அதன் கீழே, மக்கள் தங்கள் கையாலேயே செய்து கற்க வேண்டும் என்ற உயர்ந்த எண்ணத்தால் இவர் ஒருநாளும் பாத்திரத்தைத் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறது. என் பேத்தி அதை வாசித்துக் காட்டினாள். உயர்ந்த எண்ணமாம். மறுபடி வாசி என்றேன். மறுபடியும் அதேதான் வந்தது.

புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். திருத்தம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருக்கிறது. நான் ஏன் கையைக் கட்டினேன் என்று உள்ளது உள்ளபடி அதில் வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

எழுத்து எனக்கு அவ்வளவு தெரியாது. பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதோடு சரி. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். நான் வூடு என்று சொன்னால் இவள் வீடு என்று எழுதுகிறாள். எழுதட்டும், படித்த பிள்ளை. சேதியை மாற்றினால்தான் விட மாட்டேன்.

எனக்குப் பிறந்த இடம் எலவனாசூர்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது மலையடிவாரத்தில் ஒரு காலனி. காலனி என்றால் எந்தத் தெரு என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கரும்பு வெட்டினேன், நெல் நட்டேன், அடுத்தவர் நிலத்தில். கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு ஆஸ்பத்திரி இருந்தது. மலை ஊர்களுக்கு நடந்து போக ஆள் வேண்டும் என்று தேடினார்கள். பத்தாவது படித்த பெண்கள் வந்து பார்த்து, பஸ் இல்லாத ஊருக்கு எப்படிப் போவது என்று திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குக் காலில் வலு இருந்தது. வாயிலும் இருந்தது. டாக்டரம்மா என்னை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா வடக்கே எங்கேயோ பிறந்தவர், தமிழைப் பிடிவாதமாகக் கற்றவர். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷிகளிடமும் எனக்குக் கோபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பேதிக்குத்தான் எனக்குப் பயிற்சி. பிள்ளைக்கு வயிற்றால் போனால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும், அதனால்தான் சாகிறது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். சர்க்கரை கிடைக்காத இடத்தில் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டால் போதும். உப்பு கூடிவிட்டால் கெடுதல், அதனால் முதலில் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. பயிற்சி இவ்வளவுதான். இதை நம் கையாலேயே கலந்து காட்டுங்கள், கொடுத்துக் குடிக்க வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நம் கையால் என்று சொன்ன யாரும் யாருடைய கை என்று யோசிக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. ஊர்த்தெருக்காரர்கள் ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன என்றார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. எங்கள் காலனியில் ஆம்பளைகள் எல்லாம் முழித்துக்கொண்டே கிடந்தார்கள், யாராவது தீப்பந்தத்தோடு வந்துவிடுவார்களோ என்று. அந்தச் சமயத்தில்தான் கரியாலூருக்கு மேலே ஒரு குக்கிராமத்தில் பேதி கண்டிருக்கிறது, பிள்ளைகளை வாரிக்கொண்டு போகிறது என்று கடுக்காய் விற்க இறங்கி வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மலை ஏறும் ரோட்டில் ஒரு மரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் நாலைந்து பேர் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள். அதில் ஒருவருடைய கரும்புக் கொல்லையில் நான் வெட்டுக்குப் போயிருக்கிறேன்.

"ஏய், எங்க போய்க்கினு இருக்க?"

"மலைக்கிங்க."

"பையில இன்னா?"

"உப்புங்க. சக்கரை."

"பார்றா, பஸ்ஸு ஓடலன்னா இவ மலைமேல மளிகைக்கட போடறா" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னொருவன், வயசுப் பையன், என்னைத் தெரியாதவன், கேட்டான். "நீ இன்னா ஆளு?"

இங்கே அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம். சாதி என்ன என்று கேட்கிறான். எனக்குப் புரியாமல் இல்லை.

"ஆஸ்பத்திரி ஆளு" என்றேன்.

"அத்த கேக்கல."

"எனக்குத் தெரிஞ்ச ஆளு அதாங்க."

கரும்புக்காரர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "வாய் ஜாஸ்தி அவளுக்கு. நம்ம கொல்லையில வெட்டறவதான், வுடு. ஏய், மரத்தத் தாண்டாத. ஆம்பளைங்க ஒக்காந்துகினு இருக்கறது தெரியல? பள்ளத்துல எறங்கி சுத்திக்கினு போ."

மழை பெய்து பள்ளம் முழுக்கச் சேறு. இறங்கி, முழங்கால் வரைக்கும் நனைந்து, சுற்றிக்கொண்டுதான் போனேன். படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்கட்டும், அது அவர்கள் பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. பங்கு கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள், பிள்ளைக்கு உப்பு கொண்டுபோகிற பொம்பளையைச் சேற்றில் இறக்கினார்கள். அதைத்தான் சொல்கிறேன்.

மலைமேல் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் வீட்டு வாசலிலேயே பிள்ளையைப் பார்த்துவிட்டேன். ஆண் குழந்தை, நடக்கப் பழகும் வயது. கண் உள்ளே போய்விட்டது. அழுதான், கண்ணில் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் தாய், சின்னப் பெண். அவள் மாமியார் கதவருகில் நின்றாள். நான் பேசிக்கொண்டே அங்கே இருந்த சொம்பை எடுத்தேன், பழக்கத்தில்.

மாமியார் கேட்டாள். "நீங்க இன்னா ஆளுங்க?"

கீழேயும் அதே கேள்வி, மேலேயும் அதே கேள்வி. மரியாதைக்கு ஒரு 'ங்க' சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கேட்டால் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொல் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளத்தில் இறங்கிய சேறு இன்னும் என் காலில் காயவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை என்னால் மழுப்ப முடியவில்லை. எந்தத் தெரு என்று சொன்னேன்.

"சொம்ப கீழ வை" என்றாள் மாமியார். 'ங்க' போய்விட்டது.

வைத்தேன். அவள் அதைக் கவிழ்த்து ஊற்றிவிட்டுச் சாம்பல் எடுத்துத் தேய்க்கப் போனாள். பிள்ளை கிடக்கிறது, சொம்பு தேய்க்கிறாள். என் பையிலிருந்து உப்பையும் சர்க்கரையும் எடுத்து நீட்டினேன். அதுவும் வேண்டாம் என்றாள். தாய்க்காரி என் முகத்தையும் மாமியார் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் திரும்பி இறங்கியிருப்பேன். பிள்ளை ஒரு தடவை விக்கினான். அதனால் நின்றேன். உயர்ந்த எண்ணம் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அங்கே முற்றத்துக்கு வெளியே ஒரு கல் கிடந்தது, அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"தொடல. பாரு, கைய கட்டிக்கினேன். ஒன் தண்ணி, ஒன் சொம்பு, ஒன் உப்பு. வாயி மட்டுந்தான் என்னுது. நான் சொல்றத நீ செய்யி."

தாய்க்காரி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் தேய்த்த சொம்பை அவள் பக்கம் தள்ளினாள். பேச்சுக்குத் தீட்டு உண்டா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"கஞ்சி இருக்குதா?"

"சாமக் கஞ்சி இருக்கு."

"தெளிவ மட்டும் சொம்புல ஊத்து. மூணு வெரல்ல உப்பு எடு. அவ்ளோ இல்ல, கம்மியா. போட்டுக் கலக்கு. வாயில வச்சிப் பாரு. கரிக்குதா?"

"லேசா."

"அழுதா வாயில எறங்குமே, அதுக்கு ஜாஸ்தியா கம்மியா?"

அவள் நாக்கைச் சப்பிக்கொண்டு யோசித்தாள். அழுது அவளுக்குப் பழக்கம் இருந்தது. "கம்மிதான்."

"அப்ப குடு. மடக்மடக்குனு ஊத்தாத. சங்குல எடுத்து சொட்டுச் சொட்டா வுடு."

விட்டாள். பிள்ளை அவ்வளவையும் வாந்தி எடுத்தான். மாமியார் பாய்ந்து வந்தாள். "கேட்டியா கண்டவ பேச்ச!"

"எடுக்கட்டும்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடி குடுக்கச் சொல்லு. கொடலு ஒரு சொட்டு புடிச்சிக்கினா போதும்."

"ஒனக்கு இன்னா, நிக்கற. புள்ள எங்களுது."

"ஒங்களுதுதான். அதனாலதான் நீங்க குடுக்கறீங்க, நான் நிக்கறேன்."

வெயில் சாய்கிற வரைக்கும் அப்படியே நின்றேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தாகம். கேட்டிருந்தால் கையைக் குவிக்கச் சொல்லி உயரத்திலிருந்து ஊற்றியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களும் போய் அவரவர் வீட்டில் கஞ்சியை எடுத்தார்கள். ஒருத்தி உப்பை அள்ளிக் கொட்டினாள். நான் கத்துவதற்கு முன்னால் இந்தத் தாய்க்காரியே கத்தினாள். "ஏய், கண்ணீராட்டம் இருக்கணும்டி, கருவாட்டுக் கொழம்பாட்டம் இல்ல!"

பிறகு தாய்க்காரி தன் மடியைத் தொட்டுப் பார்த்தாள். புடவை நனைந்திருந்தது. "மூத்திரம் வுட்டுட்டான்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினாள். வற்றிப்போன உடம்பில் மூத்திரம் இறங்கினால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தப் புடவையைப் பிழிந்து தலையில் தெளித்துக்கொள்ளாத குறைதான், அவ்வளவு சந்தோஷம் அங்கே. எனக்கும்தான்.

நான் கிளம்பினேன். தாய்க்காரி கேட்டாள், "நாளைக்கி வருவியா?"

"வரேன்."

"வந்தா அங்கியே நில்லு."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். மாமியார் நான் நின்ற இடத்தில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கல்லையும் விடவில்லை. என் பை போன கனத்திலேயே திரும்பி வந்தது.

மறுநாளும் போனேன். அந்த மழைக்காலம் முழுக்கப் போனேன், அடுத்தடுத்த ஊர்களுக்கும் போனேன். எல்லா ஊரிலும் எனக்கு ஒரு கல்லோ மரமோ ஒதுக்கினார்கள். ஆட்கள் ரோட்டில் மரத்தைப் போட்டு ஒதுக்கீடு கேட்டார்கள், எனக்கு இவர்கள் கேட்காமலே கொடுத்தார்கள்.

ரோடு திறந்த பிறகு டாக்டரம்மா ஜீப்பில் வந்தார், பட்டணத்திலிருந்து விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு. அந்தத் தாய்க்காரி இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு உப்புக் கஞ்சி கலக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் என் கல்லருகில், கையைக் கட்டிக்கொண்டு. விருந்தாளிகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா அவளிடம் போய்க் கேட்டார். "இவங்கதானே உங்களுக்குக் கத்துக்குடுத்தாங்க?"

"அவ இன்னாத்த கத்துக்குடுத்தா?" என்றாள் தாய்க்காரி. "அவ நின்னா. செஞ்சதெல்லாம் நாங்க."

கை தட்டினார்கள். சத்தியமாக. கண்ணாடிக்காரம்மா கண்ணில் தண்ணீர். இதுதான், இப்படித்தான் இருக்க வேண்டும், சொல்லிக்கொடுத்தவளே தெரியாத அளவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்றார். அந்தப் போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான்.

இறங்கும்போது ஜீப்பில் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "அவங்க என் கையால தண்ணி வாங்க மாட்டாங்க டாக்டரம்மா. அதான் கைய கட்டினேன்."

அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். "தெரியும்" என்றார். "காரணம் எதுவா இருந்தா என்னம்மா, வழி நல்ல வழி."

"ஒங்களுக்கு நல்ல வழிங்க. வெயில்ல நின்னது நானு."

வழி நல்ல வழிதான். அதை மறைக்க மாட்டேன். பிறகு ஊர்த்தெருப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்தாள். கையைக் கட்டச் சொன்னபோது, "எங்க கையால வாங்கிக் குடிப்பாங்கக்கா, நாங்க ஏன் கட்டணும்?" என்று சிரித்தாள். அவளே கலந்தாள், அவளே ஊட்டினாள், வீட்டுக்குள் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த ஊரில் யாருக்கும் உப்புக் கஞ்சி கலக்கத் தெரியவில்லை. என்னைக் கல்லருகில் நிறுத்திய ஊர்களில் எல்லாப் பொம்பளைக்கும் தெரிந்திருந்தது. இதில் எனக்குப் பெருமை உண்டு. டாக்டரம்மா என்னைப் பயிற்சி கொடுக்கிறவளாக ஆக்கினார். எத்தனையோ பெண்களைக் கையைக் கட்டி நிற்க வைத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம் காரணத்தைச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயிற்சிப் புத்தகத்தில் மட்டும் அது ஏறவே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன வருஷம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அந்தத் தாய்க்காரியைப் பார்த்தேன். அவளே அடையாளம் கண்டு வந்தாள். கண் ஆபரேஷனுக்கு இறங்கி வந்தாளாம். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். டீ வாங்கி அவள் கையாலேயே கொடுத்தாள். மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளையாம். பேசிக்கொண்டே இருந்தவள் சிரித்தாள்.

"அப்ப நீ ரொம்ப பயந்தவ."

"நானா? இன்னாத்துக்கு?"

"பேதி தொத்திக்கும்னு தூரமாவே நிப்பியே. கையக்கூட முன்னால நீட்ட மாட்ட. நாங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்."

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"ஒன் மாமியா நான் நின்ன எடத்துல சாணி தெளிச்சாளே," என்றேன், "அது பேதிக்கா?"

அவள் டீயை ஊதினாள். குடிக்கவில்லை, ஊதிக்கொண்டே இருந்தாள். "அந்தக் காலத்து வழக்கம்" என்றாள். பிறகு பஸ் வந்துவிட்டது என்று எழுந்தாள். அவள் ஏற வேண்டிய வெள்ளிமலை பஸ் இன்னும் வந்திருக்கவில்லை.

ஆக, புத்தகத்தில் நான் உயர்ந்த எண்ணக்காரி. மலைமேல் நான் பயந்தாங்கொள்ளி. பள்ளத்தில் இறங்கி, தாகத்தோடு வெயிலில் நின்ற பொம்பளை எங்கேயும் இல்லை. டாக்டரம்மா இறந்துபோய்விட்டார். நானும் போய்விட்டால் இந்த இரண்டு கதைதான் மிஞ்சும். அதனால்தான் இந்தத் திருத்தம்.

இதை எழுதும்போது பேத்தி நடுவில் நிறுத்தினாள்.

"ஆயா, இத்த அப்படியே போடுவாங்களா?"

"போடலன்னா என் போட்டோவ எடுத்துரச் சொல்லு. முதுகுக்குப் பின்னால இருக்கற கை என்னுது."

அவள் தலையாட்டிவிட்டு எழுதினாள். கடைசியில், போட்டோவுக்குக் கீழே வர வேண்டிய ஒரு வரியைச் சொன்னேன். அவள் எழுதியது நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. எழுத்து தெரியாது, நீளம் தெரியாதா எனக்கு?

"இன்னா எழுதன?"

"அன்றைய சமூகச் சூழ்நிலை காரணமாக..."

"அடி. சூழ்நிலையா என்னிய வெயில்ல நிக்க வச்சிது? அடிச்சிட்டு நான் சொன்னத போடு. 'இவள் கையால் அவர்கள் தண்ணீர் வாங்க மாட்டார்கள், அதனால் கட்டிக்கொண்டாள்.' அவ்ளோதான்."

அடித்துவிட்டு எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை வரி சின்னதாகத்தான் இருக்கிறது. சரி, கண்ணு, முதலிலிருந்து வாசி. ஒன்றையும் விடாமல் வாசி.